தாமிரபரணி கணக்கும் ரிகர்ஷனும்: காத்திருக்க வேண்டிய கணக்குகளை ஃபங்ஷனல் முறையில் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு இப்போது எவ்வளவு தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது? ஐப்பசி, கார்த்திகை மழையில் திருநெல்வேலிச் சீமையில் இந்தக் கேள்வி எல்லார் வாயிலும் வரும். பாபநாசம் அணையில் திறந்த தண்ணீரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வழியில் மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு எல்லாம் வந்து சேர்கின்றன. அணை நீரோடு காட்டாற்று வெள்ளமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை காட்டிவிட்டது.

இதைக் கணக்கிட ஒரு புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மழைமானிகளின் தகவல் பல இடங்களிலிருந்து தனித்தனியாக வருகிறது. சிற்றாற்றுக் கணக்கும் பச்சையாற்றுக் கணக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை, ஒரே நேரத்தில் ஓடலாம். ஆனால் சீவலப்பேரியில் சிற்றாறு கலக்கும் இடத்தின் கணக்கைப் போட, இரண்டு பக்கத்து விடையும் கையில் இருக்க வேண்டும். யாராவது ஒருவர் காத்திருந்தே ஆக வேண்டும். காத்திருப்பது என்று வந்ததும் பலருடைய கை உடனே லாக்கைத் தேடிப் போகிறது, அதாவது பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடவிடும் பூட்டை. முதலில் ரிகர்ஷனின் வடிவத்தைப் பாருங்கள் என்பதுதான் என் வாதம். வடிவம் சரியாக அமைந்தால் எங்கே காத்திருக்க வேண்டும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலான இடங்களில் லாக்கே தேவைப்படாது.

ஹாஸ்கெல், எர்லாங், ஸ்காலா, ஓகேமல், குளோஜர் என்று எந்த மொழியில் எழுதுகிறவருக்கும் பயன்பட வேண்டும் என்பதால் நிரல்களை எல்லாம் தமிழிலேயே மாதிரி நிரலாக எழுதுகிறேன். ரிகர்ஷன் என்றால் என்ன, திரெட் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

படி 1: யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று வரையுங்கள்

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து ஆற்றை ஒரு மரமாக வரையுங்கள். வேர், கீழே ஸ்ரீவைகுண்டம். அதற்கு மேலே சீவலப்பேரி. அங்கே இரண்டு கிளை: குற்றாலத்து மலையிலிருந்து வரும் சிற்றாறு ஒன்று, தாமிரபரணி இன்னொன்று. தாமிரபரணிக் கிளையில் மேலே ஏறினால் தருவைப் பக்கம், களக்காட்டு மலையிலிருந்து வரும் பச்சையாறு சேரும் இடம். இன்னும் மேலே திருப்புடைமருதூரில் கடனாநதி. அதற்கும் மேலே கல்லிடைக்குறிச்சி வட்டாரத்தில் மணிமுத்தாறு. உச்சியில் பாபநாசமும் சேர்வலாறும்.

ஒவ்வொரு கிளையும் மறுபடி ஒரு மரம்தான். கடனாநதியில் ராமநதியும் ஜம்பு நதியும் சேர்கின்றன. சிற்றாற்றில் குண்டாறும் அனுமன் நதியும் வந்து சேர்கின்றன. பெரிய ஆறு எப்படியோ அப்படியே சின்ன ஆறும் என்பதால்தான் இதற்கு ரிகர்ஷன் இயல்பாகப் பொருந்துகிறது.

இந்தப் படத்தில் இரண்டு கோடுகள் கூடும் இடம் ஒவ்வொன்றும் ஒரு காத்திருப்பு. கூடாத கோடுகள் ஒன்றுக்காக ஒன்று நிற்கவே வேண்டாம்.

படி 2: இணையாக ஓடாத பதிப்பை முதலில் எழுதுங்கள்

```
ஃபங்ஷன் வரத்து(முனை):
    மேலிருந்து = துணைகள்(முனை) ஒவ்வொன்றுக்கும் வரத்து(துணை)
    சொந்தநீர்(முனை) + கூட்டு(மேலிருந்து)
```

துணையாறு இல்லாத முனைக்குப் பட்டியல் காலி, கூட்டுத்தொகை 0, சொந்த நீர் மட்டும் மிஞ்சும். ரிகர்ஷன் நிற்கும் இடம் இதுவே. தனியாக ஒரு நிபந்தனை எழுத வேண்டியதில்லை.

இந்த ஃபங்ஷன் வெளியே எதையும் மாற்றுவதில்லை. பொது மாறி ஒன்றை வைத்து அதில் கூட்டிக்கொண்டே போகும் வேலை இல்லை. சிற்றாற்றுக் கணக்கை முதலில் போட்டாலும் கடைசியில் போட்டாலும் விடை ஒன்றே. அந்தக் குணம் இருப்பதால்தான் அடுத்த படியில் துணிந்து இணையாக ஓடவிடுகிறோம்.

இந்தப் பதிப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைசிவரை சரிபார்க்க உதவப் போவது இதுதான்.

படி 3: கிளப்பு, பிறகு காத்திரு

எல்லாரும் முதலில் கற்க வேண்டிய வடிவம் ஃபோர்க்-ஜாயின். ஒவ்வொரு துணையாற்றின் கணக்கையும் தனி வேலையாகக் கிளப்பிவிட்டு, எல்லாம் முடிந்ததும் சேர்ப்பது.

```
ஃபங்ஷன் வரத்து(முனை):
    வேலைகள் = துணைகள்(முனை) ஒவ்வொன்றுக்கும் கிளப்பு(வரத்து(துணை))
    விடைகள் = வேலைகள் ஒவ்வொன்றுக்கும் காத்திரு(வேலை)
    சொந்தநீர்(முனை) + கூட்டு(விடைகள்)
```

இரண்டு வரிகள் தனித்தனியாக இருப்பதைக் கவனியுங்கள். "ஒவ்வொன்றையும் கிளப்பி, உடனே அதற்குக் காத்திரு" என்று ஒரே வரியில் எழுதினால் முதல் துணையாறு முடிந்த பிறகுதான் இரண்டாவது கிளம்பும். விடை சரியாகவே வரும், வேகம் மட்டும் துளியும் அதிகரிக்காது. ஜாவா ஸ்ட்ரீம், பைத்தான் ஜெனரேட்டர் போன்ற சோம்பேறிப் பட்டியல்களில் இது இன்னும் நுணுக்கமாக ஏமாற்றும். இரண்டு வரியாகத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் அந்தப் பட்டியல் கேட்கும்போதுதான் ஒவ்வோர் உறுப்பாகத் தரும் என்பதால், கிளப்புவதும் காத்திருப்பதும் மாறி மாறி நடந்துவிடும். வேலைகள் பட்டியலை நடுவில் ஒரு முறை முழுப் பட்டியலாக உருவாக்கிவிட்டால் தீர்ந்தது.

ஹாஸ்கெலில் இதே சிக்கலுக்கு வேறு முகம். கிளப்பிய வேலை "முடிந்தது" என்று சொல்லும். திருப்பித் தந்தது கணக்கிட்ட எண்ணாக இருக்காது, பிறகு கணக்கிடுவதற்கான குறிப்பாக இருக்கும். தாய் வேலை அதைத் தொடும்போதுதான் உண்மையான கணக்கே நடக்கும். எட்டு கோர் (கணினிச் செயலியின் கரு) இருந்தாலும் ஒன்றுதான் உழைக்கும். இவால்யுவேட் போட்டு வேலைக்குள்ளேயே மதிப்பை வரவழைக்க வேண்டும். விடை ஒரு பட்டியல் என்றால் அதுவும் போதாது, முதல் கண்ணி மட்டும்தான் உருவாகும். முழுவதையும் வரவழைக்க ஃபோர்ஸ் தேவை.

சரி, எவ்வளவு வேகம் கிடைக்கும்? இரண்டு அளவுகளைப் பாருங்கள். ஒன்று, மொத்த வேலை. இன்னொன்று, வேரிலிருந்து இலைவரை உள்ள மிக நீண்ட சங்கிலி. எத்தனை கோர் கொடுத்தாலும் அந்தச் சங்கிலியின் நேரத்துக்குக் கீழே போக முடியாது. கோர்களின் எண்ணிக்கை ப என்றால், சும்மா இருக்கும் கோர் தயாராக உள்ள வேலையை உடனே எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில், மொத்த வேலையை ப-வால் வகுத்து அதோடு சங்கிலியைக் கூட்டினால் வருவதற்கு மேல் நேரம் ஆகாது. 1974இல் ரிச்சர்ட் பிரென்ட் தந்த வரம்பு இது. நம் ஆறு நீளமானது, கிளைகள் குறைவு. ஆற்றை மட்டும் பிரித்து ஓட்டினால் லாபம் அதிகம் இருக்காது. ஒவ்வொரு முனையிலும் நூற்றுக்கணக்கான மழைமானி அளவுகளைச் சேர்க்கும் வேலை இருந்தால் அதைப் பிரிப்பதில்தான் பலன்.

சின்ன வேலைகளைக் கிளப்பவும் வேண்டாம். நாலு எண்ணைக் கூட்ட ஒரு வேலையைக் கிளப்பினால் கிளப்பும் செலவே அதிகம். ஓர் எல்லை வைத்து, அதற்குக் கீழே போனால் படி 2இன் ஃபங்ஷனை அழையுங்கள். எல்லை எது என்பதை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாலு திரெட்டும் உறைந்து நிற்பது எப்படி

இந்த வடிவத்தில் உள்ள பெரிய ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலு திரெட் கொண்ட ஒரு குழு, வந்த வரிசையில் வேலையை எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் திரெட் ஸ்ரீவைகுண்டத்தை எடுக்கிறது. சீவலப்பேரியைக் கிளப்பிவிட்டுக் காத்திருக்கிறது. இரண்டாவது திரெட் சீவலப்பேரியை எடுக்கிறது. தருவையையும் சிற்றாற்றையும் கிளப்பிவிட்டுக் காத்திருக்கிறது. மூன்றாவது தருவையை எடுத்து, பச்சையாற்றையும் திருப்புடைமருதூரையும் கிளப்பிவிட்டுக் காத்திருக்கிறது. நாலாவது சிற்றாற்றை எடுத்து, குண்டாற்றையும் அனுமன் நதியையும் கிளப்பிவிட்டுக் காத்திருக்கிறது.

இப்போது நாலு திரெட்டும் காத்திருக்கின்றன. வரிசையில் பச்சையாறு, திருப்புடைமருதூர், குண்டாறு, அனுமன் நதி. இவற்றில் குண்டாறு எதற்கும் காத்திருக்க வேண்டாத வேலை, எடுத்தால் நொடியில் முடியும். எடுக்கத்தான் ஆளில்லை. புரோகிராம் அப்படியே நிற்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. சின்ன மரத்தை வைத்துச் சோதித்தால் ஓடும், பெரிய மரம் வந்தால் நிற்கும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, காத்திருக்கும் திரெட் சும்மா நிற்காமல் வரிசையில் உள்ள வேறு வேலையை எடுத்துச் செய்வது. 1990களில் எம்.ஐ.டி.யின் சில்க் திட்டம் வளர்த்தெடுத்த வேலை திருடும் முறை இந்த வழியில் வந்தது. ஜாவா 7இல் வந்த ஃபோர்க்-ஜாயின் பூலும் அதே குடும்பம். இரண்டாவது, திரெட்டே மிக இலேசாக இருப்பது. ஹாஸ்கெல், எர்லாங் இரண்டிலும் ஆயிரக்கணக்கில் கிளப்பலாம், காத்திருக்கும் ஒன்று கோரைப் பிடித்துவைக்காது. 2023இல் ஜாவா 21 கொண்டுவந்த விர்ச்சுவல் திரெட்டும் இந்த வகை. மூன்றாவது, காத்திரு என்று எழுதாமல் "இவை முடிந்ததும் இந்த ஃபங்ஷனை ஓட்டு" என்று எழுதுவது. ஸ்காலாவின் ஃபியூச்சரில் (பிறகு வரப்போகும் விடையைக் குறிக்கும் மதிப்பு) ஃபிளாட்மேப் செய்வது இதையே. அங்கே எந்தத் திரெட்டும் நிற்பதில்லை, மீதி வேலை ஒரு ஃபங்ஷனாகச் சேமிக்கப்பட்டிருக்கும்.

மொழி கொடுத்தால் நான் எப்போதும் இரண்டாவதைத்தான் எடுப்பேன். நிரல் நேராகப் படிக்கும்படி இருக்கும், ரிகர்ஷன் ரிகர்ஷனாகவே தெரியும். மூன்றாவதில் பிழை வந்தால் எந்த அழைப்பிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எந்த வழியானாலும் ஒரு சின்னப் பழக்கம் நல்லது. கடைசித் துணையைக் கிளப்பாமல் நீங்களே அழைத்துக் கணக்கிட்டுவிட்டு, பிறகு மற்றவற்றுக்குக் காத்திருங்கள். சும்மா நிற்கும் நேரம் குறையும்.

படி 4: சேர்க்கும் முறை எங்கே பிரித்தாலும் ஒத்துவர வேண்டும்

ஒரு முனையின் நீண்ட மழைமானிப் பட்டியலை இரண்டாகப் பிரித்து, பாதியைப் பாதியாக ரிகர்ஷனில் சேர்க்கிறோம். எந்த இடத்தில் பிரித்தாலும் விடை மாறக் கூடாது. கூட்டல், பெரியது எடுத்தல் இரண்டும் இதற்கு ஒத்துவரும். சராசரி ஒத்துவராது. 10, 20, 60 மூன்றின் சராசரி 30. முதல் இரண்டின் சராசரி 15, அதையும் 60ஐயும் சராசரி எடுத்தால் 37.5. இதற்கு (கூட்டுத்தொகை, எண்ணிக்கை) என்ற ஜோடியை மேலே அனுப்புங்கள். வகுப்பதை வேரில் ஒரே தடவை செய்யுங்கள்.

தசம எண்களில் கூட்டலே கொஞ்சம் பிசகும். பிரிக்கும் இடம் மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். இன்று ஓட்டியதும் நாளை ஓட்டியதும் இம்மி பிசகாமல் ஒத்திருக்க வேண்டும் என்றால், பிரிக்கும் இடத்தைப் பட்டியலின் நீளத்தை வைத்து மட்டும் முடிவு செய்யுங்கள். கோர்களின் எண்ணிக்கையை அதில் நுழைய விடாதீர்கள்.

படி 5: மரம் என்று நினைத்தது மரமாக இல்லாதபோது

கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிந்து போகும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாயை நம் படத்தில் சேர்த்துப் பாருங்கள். கன்னடியன் அணைக்கட்டின் விடையைக் கீழே உள்ள தாமிரபரணியும் கேட்கிறது, இணைப்புக் கால்வாயும் கேட்கிறது. ஒரு முனைக்கு இரண்டு கேட்பவர்கள். படி 3இன் நிரல் அந்த முனையையும் அதற்கு மேலே உள்ள எல்லாவற்றையும் இரண்டு தடவை கணக்கிடும்.

ஒன்றிரண்டு இடம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் கால்வாயாகப் பிரிந்து, உபரி அடுத்த அணைக்கட்டுக்கு முன் ஆற்றில் சேர்வதாக ஒரு மாதிரி எழுதினால், உச்சியில் உள்ள முனை 2×2×2 என்று பெருகி 128 தடவை கணக்கிடப்படும்.

கணக்கிட்டதை அட்டவணையில் எழுதி வைப்பது தெரிந்த தீர்வு. ஆனால் இணையாக ஓடும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அட்டவணையைப் பார்த்து, இல்லை என்று கண்டு, இருவருமே கணக்கிடத் தொடங்குவார்கள். ஆகவே அட்டவணையில் விடைக்குப் பதிலாக, விடை வரும் என்ற வாக்கை வையுங்கள்.

```
ஃபங்ஷன் கேள்(முனை):
    (வாக்கு, புதிதா) = எடு_அல்லது_வை(அட்டவணை, முனை)
    புதிதா என்றால்:
        நிரப்பு(வாக்கு, கணக்கிடு(முனை))
    காத்திரு(வாக்கு)
```

எடு_அல்லது_வை மட்டும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். அது காலி வாக்கை வைப்பதோடு முடிகிறது, கணக்கிடுவது அதற்கு வெளியே. இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாவிலேயே சாட்சி உண்டு. பல திரெட்டுகள் பகிரும் அட்டவணையான கன்கரன்ட்-ஹாஷ்மேப்பில், இல்லாததைக் கணக்கிட்டு வைக்கும் கம்ப்யூட்-இஃப்-ஆப்சென்ட் உள்ளே அதே மேப்பைத் தொடும் ரிகர்ஷனை எழுதக் கூடாது என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஜாவா 8இல் அப்படி எழுதிய நிரல் சில சமயம் முடிவே இல்லாமல் சுழலும். ஜாவா 9 முதல் பல சமயங்களில் ரிகர்சிவ் அப்டேட் என்று பிழை காட்டி நிறுத்துகிறது.

வாக்கு முறையில் மறக்கக் கூடாதவை இரண்டு. கணக்கிடும்போது பிழை வந்தால் அந்தப் பிழையையாவது வாக்கில் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் காத்திருப்பவர்கள் காத்திருந்துகொண்டே இருப்பார்கள். அடுத்தது வட்டம். ஒரு முனை சுற்றி வந்து தன்னையே கேட்டால், தன் வாக்குக்குத் தானே காத்திருக்கும். இணையாக ஓட்டுவதற்கு முன், வந்த வழியைப் பட்டியலாகச் சுமந்தபடி வரைபடத்தை ஒரு முறை ஒற்றைத் திரெட்டில் நடந்து, வட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 6: லாக் தேவைப்பட்டால் அதை ரிகர்ஷனுக்கு வெளியே போடுங்கள்

முனைகளின் விவரம் ஒரு பொது இடத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு லாக் என்று வைத்துக்கொள்வோம். லாக்கை எடுத்துவிட்டுத் தன்னையே அழைக்கும் ஃபங்ஷன், உள்ளே போனதும் அதே லாக்கை மறுபடி கேட்கும். ஹாஸ்கெலில் லாக்காகப் பயன்படும் எம்-வார் (ஒரு மதிப்பை வைக்கும் பெட்டி) ஒருவரே எடுத்தாலும் இரண்டாவது தடவை தராது. அப்படியே நிற்கும். பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான் வரும்போது அந்த எம்-வாரை இனி வேறு யாரும் தொட வழியில்லை என்று தெரிந்தால், முடிவில்லாமல் தடைபட்டது என்ற பிழையை எறியும். ஒரே திரெட் திரும்பத் திரும்ப எடுக்க அனுமதிக்கும் லாக்குகள் வேறு மொழிகளில் உண்டு. அவற்றை இங்கே நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாதி மாறிய நிலையில் உள்ள தரவை உள் அழைப்பு முழுமையானது என்று நம்பிப் படித்துவிடும்.

நல்ல வழி, ஃபங்ஷனை இரண்டாக்குவது.

```
ஃபங்ஷன் புதுப்பி(முனை):
    லாக்குடன்(நிலை => உள்வேலை(முனை, நிலை))

ஃபங்ஷன் உள்வேலை(முனை, நிலை):
    நிலை2 = துணைகள்(முனை) வழியாக மடி(நிலை, உள்வேலை)
    மாற்று(நிலை2, முனை)
```

வெளி ஃபங்ஷன் லாக்கை எடுத்து, நிலையை மதிப்பாகக் கையில் கொடுக்கிறது. உள் ஃபங்ஷன் நிலையை வாங்கி, புதிய நிலையைத் திருப்பித் தருகிறது; மடி அந்த நிலையை ஒவ்வொரு துணைக்கும் வரிசையாகக் கைமாற்றுகிறது. லாக் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தெரியாததால் தவறாக எடுக்கவும் முடியாது. அதைத் தனியாகச் சோதிக்கவும் முடியும்.

ஹாஸ்கெலில் இங்கேயும் சோம்பேறிக் கணக்கு நுழையும். லாக்கை விடும்போது நிலையில் கிடப்பது கணக்கிடாத குறிப்பாக இருந்தால், அடுத்து வந்து படிப்பவர் தலையில் முழுச் சுமையும் விழும். நூறு பேர் புதுப்பித்து ஒருவர்கூடப் படிக்கவில்லை என்றால் நூறு குறிப்புகள் நினைவகத்தில் குவியும். லாக்கை விடும் முன் மதிப்பை வரவழைத்துவிடுங்கள்.

படி 7: நிலையை ஆர்க்யுமென்டில் சுமக்கும் சர்வர்

லாக்கே வேண்டாம் என்றால் எர்லாங்கின் வழி இருக்கிறது. எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் மூவரும் 1980களில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக வளர்த்த மொழி. ஓர் அணையை ஒரு பிராசஸாக, அதாவது செய்திகள் வழியாக மட்டும் மற்றவற்றோடு பேசும் தனி வேலையாக, எழுதுவோம்.

```
ஃபங்ஷன் அணை(இருப்பு):
    செய்தி வரும்வரை நில்
    "வரத்து", அளவு        -> அணை(இருப்பு + அளவு)
    "திற", அளவு           -> அணை(இருப்பு - சிறியது(அளவு, இருப்பு))
    "எவ்வளவு", கேட்டவர்   -> அனுப்பு(கேட்டவர், இருப்பு)
                             அணை(இருப்பு)
```

மாறி என்று எதுவும் இல்லை. இருப்பு மாறுகிறது, ஆனால் அடுத்த அழைப்பின் ஆர்க்யுமென்டாக மாறுகிறது. செய்திகள் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கப்படும் என்பதால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இருப்பைத் தொட வழியே இல்லை. யார் எப்போது காத்திருப்பது என்ற சிங்க்ரனைசேஷனைச் செய்திப் பெட்டியே பார்த்துக்கொள்கிறது.

ஒவ்வொரு கிளையிலும் தன்னை அழைப்பது கடைசிச் செயலாக இருக்க வேண்டும். அப்போதுதான் முடியாத அழைப்புகளை நினைவில் வைக்கும் ஸ்டாக் வளராமல் மாதக்கணக்கில் ஓடும். பிழை பிடிக்க முழுவதையும் டிரை பிளாக்குக்குள் வைத்து, அதன் உள்ளிருந்தே தன்னை அழைத்தால் அது கடைசிச் செயல் ஆகாது, பிளாக் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு செய்திக்கும் ஸ்டாக் கொஞ்சம் வளரும், சோதனையில் தெரியாது, பல நாள் ஓடிய பிறகு நினைவகம் தீரும். செய்தியைக் கையாளும் பகுதியை மட்டும் டிரைக்குள் வைத்துப் புதிய இருப்பை வாங்கிக்கொண்டு, வெளியே வந்து அழையுங்கள்.

இரண்டு பிராசஸ் ஒன்றையொன்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் டெட்லாக் இங்கேயும் வரும். பாபநாசம் சேர்வலாற்றின் இருப்பைக் கேட்டுவிட்டு நிற்கிறது. அதே நேரம் சேர்வலாறு பாபநாசத்தைக் கேட்டுவிட்டு நிற்கிறது. இருவருமே பதில் சொல்லும் நிலையில் இல்லை. எர்லாங்கில் சர்வர் எழுதத் தரப்படும் ஜென்-சர்வரின் அழைப்பு, நேரம் குறிப்பிடாவிட்டால், 5 விநாடி காத்திருந்து பிழையாகும். கேள்வியை அனுப்பிவிட்டு நிற்காமல், "பதில் பாக்கி" என்பதையும் ஆர்க்யுமென்டில் சேர்த்து அடுத்த செய்தியைப் பார்க்கப் போவதே சரியான வடிவம்.

படி 8: இரண்டு இடம் சேர்ந்தே மாற வேண்டும் என்றால்

சேர்வலாறு அணையும் பாபநாசம் அணையும் மலைக்குள் சுரங்கப் பாதையால் இணைந்தவை. ஒன்றில் குறைந்த தண்ணீர் இன்னொன்றில் கூட வேண்டும். நடுவில் யாராவது படித்தால் கொஞ்சம் தண்ணீர் காணாமல் போனதுபோல் தெரியக் கூடாது. இதற்கு எஸ்.டி.எம். எனப்படும் மென்பொருள் பரிவர்த்தனை நினைவகம். ஹாஸ்கெலில் இதன் இன்றைய வடிவத்தை 2005இல் டிம் ஹாரிஸ், சைமன் மார்லோ, சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ், மாரிஸ் ஹெர்லிஹி நால்வரும் கொண்டுவந்தார்கள்.

```
ஒரேமூச்சில்:
    இ = படி(சேர்வலாறு)
    இ < அளவு என்றால் மறுபடிமுயல்
    எழுது(சேர்வலாறு, இ - அளவு)
    எழுது(பாபநாசம், படி(பாபநாசம்) + அளவு)
```

மறுபடிமுயல் என்பது சும்மா சுற்றிக்கொண்டிருப்பது ஆகாது. படித்த மாறிகளில் ஏதாவது ஒன்று மாறும்வரை திரெட் தூங்கும், மாறியதும் முதலிலிருந்து ஓடும். நிபந்தனையோடு காத்திருப்பதை இவ்வளவு சுருக்கமாக எழுத வேறு வழி நான் பார்த்ததில்லை.

பரிவர்த்தனைக்குள் நீண்ட ரிகர்ஷனை மட்டும் வைக்காதீர்கள். முழு ஆற்றையும் உள்ளே நடந்து வந்தால், நடந்து முடிவதற்குள் எங்காவது ஒரு மதிப்பு மாறிவிடும், எல்லாம் வீணாகி மறுபடி முதலிலிருந்து. சின்னப் பரிவர்த்தனைகள் இடையில் வந்து வந்து பெரியதைக் கடைசிவரை முடிக்கவிடாமல் செய்யலாம். மொத்த நிலையையும் மாற்ற முடியாத ஒரே மதிப்பாக ஒரு மாறியில் வைத்திருந்தால், அதைப் படிப்பது ஒரு நொடி வேலை. நீண்ட கணக்கை வெளியே போட்டுக்கொள்ளலாம்.

படி 9: எல்லாரும் சேர்ந்து அடுத்த மணிக்கு நகர்வது

பாபநாசத்தில் திறந்த நீர் ஸ்ரீவைகுண்டம் வர மணிக்கணக்கு ஆகும். சேர்வலாற்றின் மட்டமும் பாபநாசத்தின் மட்டமும் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், முனைகளின் மேல் ரிகர்ஷன் எழுதினால் முடியவே முடியாது. இங்கே ரிகர்ஷனை நேரத்தின் மேல் எழுத வேண்டும்.

```
ஃபங்ஷன் நடத்து(நிலை, மணி):
    மணி = 0 என்றால் நிலை
    புதியது = முனைகள் ஒவ்வொன்றுக்கும் இணையாக அடுத்தது(முனை, நிலை)
    நடத்து(வரவழை(புதியது), மணி - 1)
```

ஒவ்வொரு முனையும் போன மணியின் நிலையை மட்டுமே படிக்கிறது, அந்த நிலை மாறாது. எத்தனை திரெட் படித்தாலும் லாக் வேண்டாம். புதிய நிலையில் ஒவ்வொரு முனையும் தன் இடத்தை மட்டும் நிரப்புகிறது. எல்லாம் நிரம்பிய பிறகே அடுத்த அழைப்பு. தடுப்பு என்று தனியாக எதுவும் எழுதவில்லை, தன்னைத் தானே அழைக்கும் அந்த ஒரு வரியே தடுப்பு. 1990இல் லெஸ்லி வேலியன்ட் முன்வைத்த பி.எஸ்.பி. (பல்க் சிங்க்ரனஸ் பேரலல்) மாதிரியின் கரு இது.

வரவழை என்ற சொல்லை விட்டுவிட்டால் ஹாஸ்கெலில் இந்தத் தடுப்பு காணாமல் போகும். 48 மணிக்கான குறிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கடைசியில் யாரோ விடையைக் கேட்கும்போது மொத்தமாக அவிழும். இன்னொரு விஷயம், ஒவ்வொரு படியும் மிக மெதுவான முனையின் வேகத்தில்தான் நகரும். ஒரு முனையில் மட்டும் மழைமானிகள் அதிகம் என்றால் அதைப் படி 4இன் முறையில் உள்ளே பிரித்துவிடுங்கள்.

படி 10: தகவல் வராத கிளையும் சோதனையும்

மழை அடித்து ஊற்றும்போது மின்சாரம் போகும், குற்றாலப் பக்கத்திலிருந்து அளவு வராது. காத்திரு என்று மட்டும் எழுதிய நிரல் அந்த ஓர் அளவுக்காக ஸ்ரீவைகுண்டத்தின் விடையையே நிறுத்திவைக்கும். கூடும் இடத்தில் நேர வரம்பு வையுங்கள். வரம்பு தாண்டினால் 0 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தகவல் இல்லை என்பது வேறு, தண்ணீர் இல்லை என்பது வேறு. கரையோரம் குடியிருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. ஒவ்வொரு விடையையும் (குறைந்தது, அதிகம்) என்ற ஜோடியாக மாற்றுங்கள். அளவு வந்த கிளையில் இரண்டும் ஒன்று. வராத கிளையில், அந்த ஆற்றில் எதிர்பார்க்கக்கூடிய கீழ் எல்லையும் மேல் எல்லையும். ஜோடிகளைக் கூட்டுவதும் எங்கே பிரித்தாலும் ஒத்துவரும் செயல்தான், ஆகவே மேலே எழுதிய எந்த வடிவத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒரு கிளை உண்மையிலேயே பிழையாகி, முழு விடையும் பயனில்லை என்று ஆனால், அதன் உடன்பிறந்த கிளைகளை நிறுத்திவிட்டுத்தான் தாய் வெளியேற வேண்டும். ஹாஸ்கெலின் அசிங்க் நூலகத்தில் கன்கரன்ட்லி இதைத் தானாகவே செய்யும். கையால் கிளப்பினால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. தாய் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் கோரைத் தின்பதோடு, யாரும் படிக்காத வாக்குகளை நிரப்பிக்கொண்டிருக்கும்.

சோதனைக்குப் படி 2இன் ஃபங்ஷனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு வடிவில் மரங்களை உருவாக்கி, சேர்க்கும் முறையை மட்டும் முழு எண் கூட்டலாக வைத்து, இரண்டு பதிப்பும் ஒரே விடை தருகின்றனவா என்று பாருங்கள். ஒரு திரெட்டில் ஒரு முறை, இரண்டில் ஒரு முறை, கோர்களைவிட அதிகமான திரெட்டில் ஒரு முறை. மரங்களில் இரண்டு கட்டாயம் இருக்கட்டும்: கிளையே இல்லாமல் ஆயிரம் முனை நீளமுள்ள சங்கிலி ஒன்று, ஒரே முனைக்கு ஆயிரம் துணைகள் உள்ள மரம் ஒன்று. முன்னது திரெட் குழு உறைவதையும் ஸ்டாக் வழிவதையும் காட்டிக்கொடுக்கும், பின்னது வேலைகளை வரம்பில்லாமல் கிளப்புவதைக் காட்டிக்கொடுக்கும். இலைக் கணக்குகளில் அங்கங்கே சில மில்லிவிநாடி தூக்கத்தைச் செருகி ஓட்டுங்கள். வழக்கமாக முதலில் முடியும் கிளை கடைசியில் முடியும்போதுதான் வரிசையை நம்பி எழுதிய இடங்கள் வெளியே வரும்.